ஆடிக் கிருத்திகையில் ஸ்டெல்லாவின் பொருத்தனை

திருத்தணிக்குப் போக வழி கேட்டு ஒரு வாசகர் எழுதியிருந்தார். நான் முதலில் போனது எழுபதுகளின் பிற்பகுதியில், ஆடிக் கிருத்திகைக்கு. பெரம்பூர்க் கிறிஸ்தவனுக்கு முருகன் மலையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் மனைவி ஸ்டெல்லா செய்த பொருத்தனைதான், அதாவது வேண்டுதல்தான், காரணம்.

எங்கள் மகள் மெர்சிக்கு அப்போது ஆறு வயது. இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படமெல்லாம் எடுத்தாகிவிட்டது. ஆபரேஷன் செய்தால் கால் நேராகுமா என்று டாக்டர்கள் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. திருவிழாவுக்கு வெறுங்காலோடு நடந்து வருகிறவர்களின் புண்ணைக் கழுவிக் கட்டிவிட எங்கள் சபையிலிருந்து வருஷா வருஷம் சிலர் போவார்கள். ஸ்டெல்லாவும் பேர் கொடுத்தாள். இத்தனை பேர் காலை நான் கழுவுகிறேன், என் பிள்ளை காலை நீர் கொடும் என்று கர்த்தரிடம் சொல்லியும் விட்டாள்.

"ஆண்டவர்கிட்ட பேரம் பேசலாமாம்மா?" என்றார் பாஸ்டர்.

"பெத்தவ பேசாம வேற யாருங்க ஐயா பேசுவா?" என்றாள்.

சென்ட்ரலில் காலை ரயில். எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. டிக்கெட் அப்போது மூன்று ரூபாய் சொச்சம். அரக்கோணத்தில் வண்டி தன் இஷ்டத்துக்கு நின்றது. எனக்குக் கூட்டம் என்றாலே ஆகாது, அன்று கக்கூஸ் கதவில் சாய்ந்துகொண்டே போய்ச் சேர்ந்தேன். ஸ்டேஷனில் ஜட்கா பிடித்தோம். வண்டிக்காரர் ஸ்டெல்லாவின் பொட்டில்லாத நெற்றியைப் பார்த்துவிட்டு, "சாமி பாக்க வந்துகினு கீறீங்களா, வேற ஜோலியா?" என்றார்.

"காலு கழுவ," என்றேன் கடுப்பாக.

"ஆங், அப்போ இன்னிக்கிப் பூரா வேல கீது," என்றார்.

அவர் சொன்னது சரிதான். சரவணப் பொய்கை பக்கம் பந்தல். புஷ்பக் காவடிகள் வந்துகொண்டே இருந்தன. கொப்புளம், வெடிப்பு, முள். ஒவ்வொரு காலையும் துடைத்து முடிக்கும்போது ஸ்டெல்லாவின் உதடு 'மெர்சி' என்று அசைந்தது. நான் வெந்நீர் சுமந்து சுமந்து முனகிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் என் தம்பி ராஜன் டாக்டர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்தான். முகத்தைப் பார்த்ததுமே வெந்நீர்க் குடத்தைக் கீழே வைத்தேன்.

"ஆபரேஷன் பண்ணாலும் பிரயோஜனம் இல்லியாம் அண்ணி. ஆயுசுக்கும் கம்பி வச்ச பூட்ஸுதானாம்."

ஸ்டெல்லா எழுந்து பந்தலுக்குப் பின்னால் போனாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "மூட்டையைக் கட்டு, கிளம்பலாம். நாம சொன்னதைச் செஞ்சாச்சு, அவர் செய்யல," என்று கத்தினேன். அவள் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்து பழையபடி முக்காலியில் உட்கார்ந்தாள்.

எதிரில் பொதட்டூர்பேட்டையிலிருந்து நடந்தே வந்த நெசவுக்காரப் பெண் ஒருத்தி காலை நீட்டிக் காத்திருந்தாள். ஸ்டெல்லாவின் கண்ணைப் பார்த்துவிட்டு, "ஏம்மா அழுவுற? உனுக்கும் எதுனா வேண்டுதலா?" என்றாள்.

"காலையில இருந்துச்சுங்க. இப்ப இல்ல."

"அப்பால இன்னாத்துக்கு இங்க குந்திகினு கீற?"

"உங்க கால்ல முள்ளு இருக்குதே," என்றாள் ஸ்டெல்லா. அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

நான் வாயை மூடிக்கொண்டு தண்ணீர் ஊற்றினேன். பைபிளை எத்தனையோ முறை படித்தவன்தான். ஊழியம் என்றால் என்னவென்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடி வெயிலில் மத்தியானம் படியில் கால் வைக்க முடியாது, விடிவதற்குள் ஏறிவிடுங்கள். உதவி செய்யப் போனால் பஞ்சும் டெட்டாலும் நிறைய வேண்டும். முள் எடுக்கும் ஊசியை ஒவ்வொரு காலுக்கும் கொதிக்கவைத்துக்கொள்ளுங்கள்.

மெர்சிக்குக் கால் நேராகவில்லை. அடுத்த ஆடிக்கு அவளும் கம்பி பூட்ஸைப் போட்டுக்கொண்டு எங்களோடு வந்தாள், பஞ்சு பிய்த்துக் கொடுக்க. ஸ்டெல்லா அந்த வருஷம் எதுவும் நேர்ந்துகொள்ளவில்லை.