சித்தியின் கட்டைவிரல்

சித்தியின் வலது கட்டைவிரல் வலிக்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். நாள் முழுக்க போனைத் தேய்ப்பதால்தான் என்றார் அப்பா. ஈரத் துணியை முறுக்கிப் பிழிவதால் என்றாள் அம்மா. நாங்கள் காக்கிமா என்று கூப்பிடும் மாடி வீட்டு பெங்காலி மாமி, அது வாதமேதான் என்று முடிவுகட்டி, கடுகெண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவந்து தேய்த்தாள். வீடெல்லாம் கடுகு மணந்தது, வலி மட்டும் அசையவில்லை. இத்தனை பேரில் ஒருவரும் சித்தியையே கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாளா என்று தெரியவில்லை.

நியூ டவுனில் சித்தப்பாவோடு இருந்தவள், "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேங்க்கா" என்று சால்ட் லேக்கில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து மாதக்கணக்காகியிருந்தது. எனக்குக் கொண்டாட்டம். பெரியவர்களுக்கு அப்படியில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை சகலை வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மாவும் தலையாட்டினாள். சித்தி பெட்டியை அடுக்கினாள். ஆனால் பாட்டில் மூடியைத் திறக்கக்கூட என்னைக் கூப்பிடுகிறவளை அப்படியே அனுப்ப அம்மாவுக்கு மனசு வரவில்லை. போவதற்குள் காட்டிவிடலாம் என்று டாக்டரிடம் கூட்டிப்போனாள். நானும் தொற்றிக்கொண்டேன்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். வயதானால் தேய்மானம், தசைநார் வீக்கம், பழைய அடி என்று இங்கிலீஷில் காரணங்களைச் சொல்லிவிட்டு, எப்போதாவது அடிபட்டதா என்று கேட்டார். கேள்வி முடிவதற்குள், கதவில் மாட்டிக்கொண்டது என்றாள் சித்தி.

டாக்டர் பக்கத்தில் நின்ற நர்ஸிடம் தாழ்ந்த குரலில் பெங்காலியில் ஏதோ சொன்னார். அம்மாவுக்கும் சித்திக்கும் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் பெங்காலி. எனக்கோ தமிழைவிட அதுதான் சரளம். காதில் விழுவதையெல்லாம் மொழிபெயர்த்துப் பெயர் வாங்குவது என் வழக்கம்.

"கதவுல மாட்டினா விரல் நுனிதான் நசுங்குமாம், அம்மா. இது விரலோட அடிப்பக்கத்துல உடைஞ்சு, சரியா சேராம மூட்டு தேஞ்சிருக்காம். யாரோ பிடிச்சு முறுக்கின மாதிரி இருக்காம்" என்றேன், கணீரென்று.

அம்மா என்னைப் பாராட்டவில்லை. சித்தியைப் பார்த்தாள். சித்தி குனிந்து அழுதாள். ஊசிக்குப் பயந்துதான் அழுகிறாள் என்று நினைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சித்தியின் பெட்டியைத் திறந்து, துணிகளை எங்கள் பீரோவில் வைத்தாள். பிறகு அப்பாவை அறைக்குள் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். வெளியே வந்த அப்பா சித்தப்பாவுக்கு போன் போட்டார்.

"அவ இனிமே அங்க வரமாட்டா. நீங்களும் இங்க வராதீங்க."

அப்பா சகலையிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. மறுபடி போன் அடித்தது. யாரும் தொடவில்லை. பாவம் சித்தப்பா, அவருக்கு விஷயமே தெரியாதே என்று நான் எடுத்தேன்.

"சித்தப்பா, சித்தி விரலை யாரோ முறுக்கி உடைச்சிட்டாங்களாம். யாருன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

மறுமுனையில் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதாக்கும் என்று பால்கனிக்கு ஓடி, ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தேன்.