வெள்ளிக்கிழமை மீன்

உதவி செய்ய வந்தவர்களைக் கண்டாலே கதிர்காமநாதனுக்கு ஆகாது. உதவி வேண்டாம் என்பதல்ல. கொடுத்த கையைக் கொடுத்தவர்களே பார்த்துப் பூரிப்பார்களே, அதுதான் அவருக்குக் குமட்டும்.

விடியற்காலையில் முல்லைத்தீவுக் கரையில் மீன் எடுத்து, சைக்கிள் கரியரில் பெட்டியைக் கட்டி, முள்ளியவளை, தண்ணீரூற்று ஒழுங்கைகளில் விற்பது அவர் தொழில். வடமராட்சியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். வாய் பொல்லாதது. மீனைக் கிள்ளிப் பார்த்துவிட்டு அவர் முகத்தையும் பார்க்கிற பெண்களிடம், "மீனைப் பாருங்கோ தங்கச்சி. முகம் பழசுதான், அதை விக்கேல்லை" என்பார்.

சுனாமி வந்த ஞாயிறு அவர் பெட்டியோடு ஊருக்குள் வந்திருந்தார். மனைவி இராசேஸ்வரி கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டு நின்றார். மனைவியின் உடல் கிடைக்கவேயில்லை.

கரையில் வீடிழந்த கதிர்காமநாதனையும் மற்றவர்களையும் பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். முகாமை நடத்தியது பக்கத்து ஊர் இளைஞர்கள் சேர்ந்து தொடங்கிய ஒரு நலன்புரிச் சங்கம். தொண்டர்களுக்குப் பெயர் பொறித்த தொப்பி முதலில் வந்தது. சமைக்கக் கிடாரம் பிறகு வந்தது. அவர்கள் பூசணிக்காய் வெட்டிய அழகைக் கதிர்காமநாதன் ஒரு நாள் பொறுத்தார். மறுநாள் கத்தியைப் பிடுங்கினார்.

"தள்ளு தம்பி. காய்க்கு நோகுது."

அன்றிலிருந்து முகாமின் சமையல் அவர் தலையில். தொப்பி தந்தார்கள். சூடான கிடாரத்தை இறக்கக் கைப்பிடித் துணியாக அது உதவியது.

ஆனால் சமைத்தவரும் கடைசியில் தட்டோடு வரிசையில்தான் நிற்கவேண்டும். அந்த வரிசை அவரை அரித்தது. தன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே போகவேண்டும், வாடகைக்கு ஒரு குடிலென்றாலும் பார்க்கவேண்டும். அதற்குச் சனம் மீன் வாங்கவேண்டும். தை மாதக் கடைசியில் மிஞ்சிய வள்ளங்கள் கடலுக்குப் போயின. மீனும் வந்தது. ஒருவரும் தொடவில்லை. எங்கட சனத்தைத் திண்ட மீன் என்றார்கள். அவரும்தான் தொடவில்லை.

இப்போது சங்கத்துக்கு ஒரு யோசனை பிறந்தது. செயலாளர் பிரதாபன் சமையலறைக்கு வந்து அறிவித்தான். பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு மீன் விருந்து. லண்டனில் நிதி சேர்த்து அனுப்பிய டாக்குத்தர் மேடையில் முதலில் சாப்பிடுவார். அதைப் பார்த்துச் சனமும் சாப்பிடும்.

"எப்ப?"

"வாற வெள்ளி."

கதிர்காமநாதன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீ சைவப் பொடியன்தானே?"

"ஏன் அண்ணை?"

"வெள்ளிக்கிழமை உன்ர அம்மா குசினியில மீன் சட்டி வைப்பாவோ?"

"டாக்குத்தருக்குச் சனிக்கிழமை பிளைட். அனர்த்தத்துக்கு வெள்ளி செவ்வாய் இருக்கோ அண்ணை? பெரிய மனிசர் சாப்பிட்டாச் சனம் சாப்பிடும்."

முட்டாள் பேச்சு. கேவலம் என்னவென்றால், அதை அவரும் கொஞ்சம் நம்பினார். ஆசை அப்படி. வெள்ளி காலை கரைக்குப் போய்த் தன் பெட்டி நிறையப் பாரை மீன் எடுத்து, மேல் ஐஸ் போட்டு, மைதானத்தின் மரநிழலில் சைக்கிளைச் சாத்தினார். விருந்து முடிந்த கையோடு பச்சை மீன் கேட்டு வருவார்கள் என்று கணக்கு.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். டாக்குத்தருக்குப் பொன்னாடை, பிரதாபனுக்கும் ஒரு பொன்னாடை. உரைகள். குழம்பு ஆறி ஆடை படிந்தது. கடைசியில் டாக்குத்தர் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் வைத்தார். கமரா மின்னியது. தொண்டர்கள் பந்திக்கு வாளியோடு இறங்கினார்கள்.

பந்தியின் முதல் இலை மீனம்மாவுக்கு. பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டுக்காரி. ஒரே மகனைக் கடலில் இழந்தவர். அவர் இலையைக் கையால் மூடினார்.

"வெள்ளிக்கிழமை, தம்பி. பருப்பு இருந்தா விடுங்கோ."

அடுத்த இலையும் மூடப்பட்டது. அதற்கடுத்ததும். பந்தி முழுக்கப் பருப்பு. பிரதாபன் வியர்வையோடு மரத்தடிக்கு ஓடிவந்தான்.

"அண்ணை, நீங்களாவது ஏறி ஒரு துண்டு சாப்பிடுங்கோ. படம் எடுக்கவேணும்."

"படத்துக்குத் தின்ன நான் என்ன, கூண்டுக் குரங்கோ? குழம்பை நாய்க்கு ஊத்து. அதுக்கு வெள்ளி செவ்வாய் இல்லை."

நாலு வருடம் கழித்து, கடைசி யுத்தத்தில், கதிர்காமநாதன் மாத்தளன் மணலில் செல்லடி பட்டுச் செத்தார். அங்கே தொப்பியும் இல்லை, கமராவும் இல்லை. சங்கம் எப்போதோ காணாமல் போயிருந்தது.

அது பிறகு. விருந்து குழம்பிய அந்த வெள்ளியில் அவருக்குப் பெட்டி மீன்தான் பாரம். ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. வெள்ளியில் மீன் வாங்கக்கூடிய வீடுகள் தண்ணீரூற்றில்தான் உண்டு. தொண்ணூறில் விரட்டப்பட்டு, சமாதான காலத்தில் புத்தளத்திலிருந்து திரும்பிவந்த சில முஸ்லிம் குடும்பங்கள். அங்கே சைக்கிளை மிதித்தார். வேலிக்குள்ளிருந்து நாச்சியா எட்டிப் பார்த்தார். அவர் கணவர் நளீர் ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்.

"என்ன அண்ணன், கனநாளுக்குப் பிறகு. கடல் மீனா?"

"பின்னை, கிணத்திலயோ பிடிச்சனான்?"

நாச்சியா சிரிக்கவில்லை. "மனசு ஏவுதில்லை. நீங்க சாப்பிடுறீங்களா?"

அவர் பொய் சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. "இல்லை."

"நீங்க தின்னாததை எங்களுக்கு விக்க வந்தீங்களா?"

வாழ்நாளில் எத்தனை பேரை அவர் வாயால் வெட்டியிருப்பார். அவரை வெட்டியது இது ஒன்றுதான். பெட்டியைத் திறந்து ஒரு பாரையை எடுத்து வேலிக்கு மேலால் நீட்டினார்.

"காச்சுங்கோ. தின்னுறன்."

"இண்டைக்கு உங்களுக்கு வெள்ளியெல்லோ?"

"காச்சுங்கோ தங்கச்சி."

நாச்சியா முற்றத்தில் கதிரை போட்டுக் கொடுத்தார். மீன் ஆணம் கொதிக்கும் மணத்துக்குப் பக்கத்து வேலிகளில் தலைகள் முளைத்தன. சோறு வந்தது. கதிர்காமநாதன் முள்ளை நீக்கி, பிசைந்து, கையிலேயே வைத்திருந்தார். இராசேஸ்வரியின் முகம் வந்தது. போகட்டும் என்று காத்திருந்தார். போகவில்லை. அந்த முகத்தோடேயே வாயில் வைத்து விழுங்கினார். பிறகு அடுத்த பிடி. தட்டு வெறுமையாகும் வரை தின்றார்.

பள்ளிவாசலிலிருந்து வந்த நளீர் வாசலில் செருப்பைக் கழற்றியபடி எல்லாவற்றையும் பார்த்தார். "நாச்சியா, ரெண்டு எடு. பெரிசா எடு" என்றார். பிறகு வேலிகளிலிருந்து சட்டிகள் வந்தன. ஐஸ் தண்ணீர் மட்டும் பெட்டியில் மிஞ்சியது.

சங்கத்தின் முயற்சியால் மக்கள் மீண்டும் மீன் உண்ணத் தொடங்கினர் என்று பிற்பாடு பத்திரிகையில் வந்தது. பொன்னாடையோடு பிரதாபன் படம்.

மறுநாள் சனிக்கிழமை காலை கதிர்காமநாதன் புது மீனோடு பள்ளிக்கூட ஒழுங்கையால் வந்தார். மீனம்மா படலையில் சட்டியோடு நின்றார்.

"நாச்சியா வீட்டில மீன் சாப்பிட்டனீராம். வெள்ளிக்கிழமை."

"ஓம்."

"மனிசி செத்த கண்ணீர் இன்னும் காயேல்லை எண்டு சனம் கதைக்குது."

"கதைக்கட்டும்."

மீனம்மா சட்டியைப் பெட்டிக்குப் பக்கத்தில் நீட்டினார்.

"பாவம் உம்மோடை போகட்டும். பாரை இருக்கோ?"