திட்டு வாங்க வந்தவர்கள்

செருப்புக் கடையில் நான் பில் போடுகிறவள். எங்களோடு பதினோரு வருடம் வேலை பார்த்த ஓர் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். ஊருக்கெல்லாம் அவரை 'வெடியக்கா' என்றால்தான் தெரியும். அந்தப் பெயர் வருவதற்கு முன் அவர் பேசுவதே காதில் விழாது. குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, வந்தவரின் குதிகாலை ஒரு கையில் ஏந்தி, பெருவிரல் நுனியை அமுக்கிப் பார்த்து, "ஒரு நம்பர் கூட எடுத்துக்கோங்க, நடக்க நடக்க கால் வீங்கும்" என்பார். அவர் சொன்ன அளவு தப்பி, செருப்பை மாற்ற வந்தவர்கள் குறைவு.

ஒரு நாள் மதியம் இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவன் பதினான்கு ஜோடி போட்டுப் பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் அக்கா ஏணியில் ஏறி இறங்கினார். அன்று அவருக்கு முழங்கால் வலி வேறு. கடைசியில் அவன் பெட்டியை போனில் படம் எடுத்துக்கொண்டு எழுந்தான். "சைஸ் தெரிஞ்சுபோச்சு. ஆன்லைன்ல வாங்கிக்கிறேன்."

"உட்காருடா!"

கடையே திரும்பிப் பார்த்தது. அது அக்காவின் குரல் என்று எனக்கே உடனே பிடிபடவில்லை.

"காலை மட்டும் இங்க கொண்டுவந்து அளந்துட்டுப் போறதுக்கு நான் என்ன ஸ்கேலா? பதினாலு தடவை ஏறி இறங்கியிருக்கேன்! அந்த ஆன்லைன்காரன் வந்து உன் காலைப் பிடிப்பானா? உன் சாக்ஸ் நாத்தத்தை மோந்துட்டு சிரிச்ச முகமா நிப்பானா?"

கூட வந்தவன் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துவிட்டான். 'வெடியக்கா' என்று அவன் போட்ட தலைப்போடு, மறுநாள் விடிவதற்குள் பன்னிரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

முதலாளி கொதித்தார். "நாளையிலிருந்து வர வேணாம்னு சொல்லிடு" என்று என்னிடம் சொன்னார். நான் சொல்வதற்கு வேளையே வரவில்லை. அன்று மாலையே வாசலில் கூட்டம். "வெடியக்கா இருக்காங்களா? எங்களையும் கொஞ்சம் திட்டச் சொல்லுங்களேன்."

முதலாளியின் மகள் படித்த பெண். நாங்கள் சின்ன முதலாளி என்போம். அவருக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று புரிந்துவிட்டது. ஸ்கூல் ஷூ அடுக்குக்குப் பக்கத்தில் வீடியோ எடுப்பதற்கான ஒரு வட்ட விளக்கு வந்தது. வாசலில் 'திட்டு வாங்கினால் தள்ளுபடி' என்று பலகை வந்தது. ஷூ கம்பெனிக்காரர்கள் புது மாடல்களை அனுப்பி, அக்கா அதைக் காட்டித் திட்டுகிற மாதிரி வீடியோ கேட்டார்கள்.

பொய் சொல்லக் கூடாது, முதல் மாதம் அக்காவுக்கும் பிடித்துத்தான் இருந்தது. புதுச் சேலை கட்டி வந்தார். பஸ்ஸில் யாரோ எழுந்து இடம் கொடுத்ததைப் பத்து தடவையாவது சொல்லியிருப்பார். அப்புறம் அதே வசனம், அதே கோபம், ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை. மத்தியானத்துக்குள் தொண்டை கட்டிவிடும். வருகிறவர்கள் விடமாட்டார்கள். "அக்கா, இப்ப சரியா வரல, இன்னும் கொஞ்சம் கோவமா." அவரிடம் காலை நீட்டுகிறவர்களே இல்லாமல் போனார்கள். எல்லாரும் முதுகைக் காட்டி நின்று, அவரையும் சேர்த்து போனில் பிடித்துக்கொண்டு போனார்கள்.

வீட்டிலும் ஒன்று நடந்தது. அடுப்பை அணைக்காமல் மகள் வெளியே போய்விட்டாள் என்று அக்கா சத்தம் போட்டிருக்கிறார். அவள் சிரித்துக்கொண்டே, "சூப்பர்மா, இதை அப்படியே கடையில சொல்லு" என்றாளாம்.

"எனக்கு நிஜமாவே கோவம். அவளுக்கு வித்தியாசம் தெரியல" என்றார் சாப்பிடும்போது.

"விடுங்கக்கா, சின்னப் பொண்ணு" என்றேன்.

ஒரு சனிக்கிழமை, கடை நிறைய ஆள். ரிட்டயரான பஸ் டிரைவர் ஒருவர் மனைவியோடு வந்தார். அவருக்கு அகலமான பாதம், வீங்கியும் இருந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஆசையாக அளவு பார்த்தார். ஷூவை மாட்டும்போது பெரியவரின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. பெஞ்சிலிருந்து அப்படியே சரிந்தார்.

அக்கா அவர் தலையைத் தாங்கிக்கொண்டு கத்தினார். "யாராவது ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க! என்னடா பார்த்துட்டு நிக்கிறீங்க? போனைக் கீழ போடுங்கடா!"

சிரிப்பு எழுந்தது. இருபது முப்பது போன்கள் உயர்ந்தன. "பெரியவர் செமயா நடிக்கிறார்" என்றான் ஒருவன். அந்த அம்மா புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதையும் ஏற்பாடு என்றே நினைத்தார்கள். தனக்குச் சொல்லாமலே அக்கா புதிதாக ஏதோ செய்கிறார் என்று நினைத்து, சின்ன முதலாளி விளக்கை அந்தப் பக்கம் திருப்பினார். நானும் கவுண்டரில் இருந்து சிரித்தேன்.

அக்கா கத்துவதை நிறுத்தினார். பெரியவரின் தலையை மெல்லக் கீழே வைத்துவிட்டு எழுந்து, பக்கத்தில் நின்ற பெண்ணின் கையிலிருந்து போனைப் பிடுங்கி, ஆம்புலன்ஸுக்கு அவரே பேசினார். பழையபடி மெதுவான குரலில் கடையின் விலாசத்தைச் சொன்னார். அப்போதுதான் சிரிப்பு அடங்கியது.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் பேச்சு போய்விட்டது, வலது கையும் விளங்கவில்லை. கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னதாக அவர் மனைவி அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா அக்காவைக் குறை சொல்லவில்லை. "நீங்க ஒருத்தர்தானே கத்துனீங்க" என்றாராம்.

அந்த வீடியோ முதல் வீடியோவைத் தாண்டிப் போனது. எங்கள் கடையின் ஆன்லைன் பக்கத்திலிருந்து சின்ன முதலாளி அழித்துவிட்டார். மற்றவர்கள் போட்டதை யார் அழிப்பது? பெரியவர் சரிகிற இடத்தில் பாட்டு சேர்த்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அக்கா மறுபடி கடைக்கு வரவில்லை. ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில், துவைத்த விரிப்புகளை மடித்து அடுக்குகிற வேலை கிடைத்திருக்கிறது. போன மாதம் போய்ப் பார்த்தேன். மூக்குவரை மாஸ்க். பக்கத்து மேஜைக்காரிக்கு அவர் யாரென்று தெரியாது. நான் 'அக்கா' என்றதும் திரும்பினார். விரிப்பின் இரண்டு முனைகளை என்னிடம் நீட்டினார். பிடித்துக்கொண்டு மடித்தோம்.

"அன்னிக்கு நீ கவுண்டர்லதானே இருந்த? பதினோரு வருஷம் கூட இருந்தவ. உனக்காவது தெரிஞ்சுதா, நான் நிஜமாத்தான் கத்துறேன்னு?"

"தெரிஞ்சுதுக்கா" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "அப்புறம் ஏன் நீ வரல?"

மடித்த விரிப்பை அடுக்கின் மேல் வைத்தேன். அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அடுத்த விரிப்பை உதறி, அதன் முனைகளைத் தானே சேர்த்துப் பிடித்துத் தனியாக மடிக்க ஆரம்பித்தார்.