நிசார் மச்சானின் மெழுகுக் கட்டி

இந்த நாட்டில் வெட்டி எடுத்த சதைக்கும் மரியாதை உண்டு. நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்குக் காலையில் வரும் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் இலக்கமும், சொந்தக்காரர் ஒப்பமிட்ட சம்மதப் பத்திரமும் இருக்கும். பத்திரமில்லாத துண்டை யாரும் தொடமாட்டார்கள். அவற்றைத் தட்டில் அடுக்கி அறைக்கு அறை கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கொடுக்கும்போதெல்லாம் நன்றி சொல்வார்கள். இங்கிலாந்துக்கு வந்து ஆறு வருடமாகியும் அந்த நன்றிக்கு என்ன முகம் காட்டுவதென்று எனக்குத் தெரியாது.

அங்கே ஆராய்வது வாய், தொண்டைப் புற்றுநோய். அந்த நோயின் உயிர்க்கலங்கள் வளர்வதற்காக இரும்பை அள்ளிப் பதுக்குமாம். இரும்பை உள்ளே எடுக்கிற, சேமிக்கிற, வெளியே விடுகிற மரபணுக்களில் எவை மும்முரமாக வேலை செய்கின்றன என்று பார்த்து, எப்படியான நோயாளிகள் கூடுதல் காலம் பிழைப்பார்கள் என்று கணிக்கப் பார்க்கிறார்கள். தட்டுத் தூக்கும் நான் இதை இலங்கையில் கல்முனை வீட்டுக்கு எடுத்த அழைப்பில் எப்படிச் சொன்னேன் தெரியுமா? "எங்கட மெஷின் இரும்பப் பாத்து ஆள் தப்புமா இல்லையா எண்டு செல்லிடும் மச்சான்." அன்றைக்கு என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

நிசார் மச்சான் என் மூத்த சகோதரியான ராத்தாவின் கணவர், கல்முனை பஸ் நிலையத்தடியில் ஓட்டோ ஓடுகிறவர். விடிந்தது முதல் வாயில் வெற்றிலையும் புகையிலையும்தான். கன்னத்துக்குள் புண் வந்தபோது மாதக்கணக்கில் தேன் தடவினார்கள். புற்றுநோய் என்று தெரிந்த பிறகும், நோய் பார்க்க வந்தவர்களுக்கு அந்த வீட்டில் வெற்றிலை அடுக்கிய வட்டாவைத்தான் நீட்டினார்கள். அவர்களும் வெட்கமில்லாமல் அவர் முன்னாலேயே மென்றார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றி எரிகிறது.

கொழும்புக்குப் போய்ப் புண்ணைத் தாடையோடு உடனே வெட்டச் சொன்னார் டொக்டர். மச்சான் அசையவில்லை. "கடக்காத்துல ஓட்டோதான் துருப்புடிக்கும் எண்டு நெனச்சன். எனக்குள்ளயும் இரும்பாடா?" என்று சிரித்தார். "ஒங்கட மெஷின் தப்புவன் எண்டு செல்லட்டும், வெட்டுறன். இல்லாட்டி தாடையக் குடுத்திட்டு எதுக்கு மவுத்தாகணும்?"

ராத்தா ஆஸ்பத்திரியில் கேட்டு, பரிசோதனைக்காக அவருடைய புண்ணில் வெட்டிய சதைத் துண்டு புதைந்த மெழுகுக் கட்டியை வாங்கினாள். தீப்பெட்டியை விடச் சிறியது. இங்கிலாந்துக்கு வந்த அக்கரைப்பற்றுக்காரர் ஒருவரின் பையில், கருவாட்டுப் பார்சலோடு அது என்னிடம் வந்து சேர்ந்தது.

ஆராய்ச்சி செய்யும் ஹெலனின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். "இதற்குப் பத்திரம் எங்கே?" என்றுதான் முதலில் கேட்டாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். இது ஆராய்ச்சி மட்டும்தான், நோயாளிகளின் ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லலாம், ஒரு தனி ஆளுக்கு உறுதி சொல்ல முடியாது, எப்படியும் அவர் இப்போதே வெட்டத்தான் வேண்டும். எல்லாம் சரி. சரியாக இருந்ததுதான் என் கோபத்தைக் கூட்டியது. "அவர் காத்துக்கொண்டிருக்கிறார்" என்றேன். நான் துக்கத்தில் பேசுவதாக நினைத்து, மனநல ஆலோசகர் ஒருவரின் இலக்கத்தை எழுதித் தந்தாள். கதைக்க ஆளில்லாமலா நான் அவள் முன்னால் நின்றேன்?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மச்சானுக்கு எடுத்தேன்.

"மெஷின் செல்லிட்டு மச்சான். தப்புற கூட்டத்திலதான் இரிக்கீங்களாம். ஆனா இந்தக் கிழமைக்குள்ள வெட்டணுமாம்."

"உண்மையாவா?"

"ஓம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றவர், உடுப்பு எடுத்துவைக்கச் சொல்லி ராத்தாவைக் கூப்பிட்டார்.

வெட்டினார்கள். தாடையில் பாதி போய்விட்டது, பேச்சு வருவதில்லை. போனில் எழுதுகிறார். கட்டியைத் திருப்பி அனுப்பவா என்று கேட்டேன். "அனுப்பாத. ஒன்னோடயே இரிக்கட்டும். மாசத்துக்கு ஒருக்கா மெஷின்ல போட்டுப் பாரு" என்று எழுதினார்.

என் இரண்டு கடவுச்சீட்டுகளும் கிடக்கும் மேசை லாச்சியில், அவற்றின் நடுவே அதை வைத்திருக்கிறேன். மாதம் பிறந்தால் அவரிடமிருந்து வந்துவிடும்: "இரும்பு என்ன செல்லுது?"

லாச்சியைத் திறந்து அதை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன். "நல்லாத்தான் இரிக்காம் மச்சான்."