பளபளக்கும் நிலமும் எழும்பாத ஜிம்மியும்

மூன்று வருடங்களுக்கு முன், சித்திரைப் புத்தாண்டு லீவு முடிந்த கையோடு நடந்தது இது. கொழும்பு வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஓர் ஒழுங்கையில், பழைய கட்டடம் ஒன்றின் நாலாம் மாடியில் எங்கள் பிளாட். நான், மனைவி, ஜிம்மி. ஜிம்மி எங்கள் நாய். தண்டவாள ஓரத்தில் குட்டியாகக் கிடந்ததைத் தூக்கி வந்து பதினொரு வருடமாகியிருந்தது.

வீட்டுப் பிளான் கீறுவது என் தொழில். ஊராருக்கெல்லாம் யோசனை சொல்லிவிட்டுச் சொந்த வீட்டை அப்படியே போட்டு வைத்திருக்கிறேன் என்று மனைவிக்குத் தீராத குறை. அந்தத் தை மாதம் ஒரு வழியாக வேலையைத் தொடங்கினேன். வயதாகிற நாய்க்கு வசதியான வீடு, அதுதான் யோசனை. குனியாமல் சாப்பிடச் சமையலறையில் உயரமான தாங்கி. பல்கனிக் கம்பிகளுக்கு வலை. கழற்றித் தோய்க்கக்கூடிய சோபா உறைகள். வாசலுக்குப் பக்கத்தில் சப்பாத்து அலுமாரிக்குக் கீழே ஒரு மெத்தை. பழைய சீமெந்து நிலத்தில் மூத்திரம் ஊறுகிறது, மயிர் ஒட்டுகிறது என்பதால் அதற்கு மேல் டைல்ஸ் போட்டேன். முகம் பார்த்துத் தலை வாரலாம், அவ்வளவு பளபளப்பு.

வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் தலைக்கனம் ஏறியது. லிஃப்ட் வரை போகும் பொது நடைபாதை சொரசொரவென்று அசிங்கமாகக் கிடக்கிறது, அதற்கும் இதே டைல்ஸைப் போடுவோம் என்று பிளாட்காரர் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினேன். நல்ல காலம், ஒருவரும் சம்மதிக்கவில்லை.

வேலை முடியும்வரை தெஹிவளையில் மனைவியின் தங்கை வீட்டில் இருந்துவிட்டுப் பங்குனியில் திரும்பினோம். கொஞ்ச நாளில் ஜிம்மி நடப்பதைக் குறைத்தது. பிறகு மெத்தையை விட்டு எழும்புவதே இல்லை. பாவம் என்று கடற்கரைக்குக் கூட்டிப்போவதையும் நிறுத்திவிட்டோம். மிருக வைத்தியர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கிறது, வயதுதான் என்றார். வீட்டில் ஏதாவது மாற்றம் செய்தீர்களா என்றும் கேட்டார்.

"எல்லாத்தையும் அதின்ர வசதிக்குத்தான் மாத்தியிருக்கிறன் டொக்டர்" என்றேன் பெருமையாக.

மாத்திரை கொடுத்தோம், பலனில்லை. படுத்த இடத்திலேயே மூத்திரம் போனது. சாப்பாட்டை ஊட்டினாலும் முகத்தைத் திருப்பியது. இப்படிக் கிடந்து வதைபடாமல் போகட்டும் என்று நானும் மனைவியும் பேசி முடிவெடுத்தோம். வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வந்து ஊசி போடுவதாக வைத்தியர் ஒப்புக்கொண்டார்.

வியாழன் காலை, வழக்கம்போலக் கீழே போய்ப் பாணும் பால் பக்கெட்டும் வாங்கி வந்தேன். போகும்போது காற்று வரட்டும் என்று கதவைத் திறந்துவிட்டுப் போவது என் பழக்கம். மனைவி அந்த நேரம் குளியலறையில் இருப்பார். திரும்பி வரும்போது ஜிம்மி வாசற்படியில் படுத்திருக்கும். இந்த நிலையிலும் என்னைத் தேடி அரக்கி அரக்கி வந்திருக்கிறதே என்று மனம் கரைந்து, தூக்கிக்கொண்டு போய் மெத்தையில் விடுவேன். அன்றும் விட்டேன். அழுகை வந்தது.

அப்போதுதான் எதிர் பிளாட்டுப் பெண் வந்தார். முப்பது வயதிருக்கும், கொழும்புக் கோட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை. நாய் என்றால் அவருக்குக் குலை நடுக்கம். நாங்கள் கதவடைத்த பிறகுதான் வெளியே வருவார்.

"அண்ணா, கோவிக்காதேங்கோ. உங்கட நாயை உள்ளுக்கு வச்சுக் கதவைப் பூட்டுங்கோ. ரெண்டு கிழமையா எனக்கு ட்ரெயின் தவறுது."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "அதுக்கு எழும்பவே ஏலாது தங்கச்சி. இண்டைக்கு ஊசி போடப் போறம்."

அவர் திகைத்துப் போனார். "எழும்ப ஏலாதோ? ஒவ்வொரு நாளும் நீங்கள் கீழ போன உடனே லிஃப்ட் வரைக்கும் போய்ப் போய் வருது. நான் கதவு ஓட்டையால பாத்துக்கொண்டுதானே நிக்கிறன். உங்கட வாசல் வரைக்கும்தான் வயித்தால இழுபட்டு வருது. வெளிச் சீமெந்துக்கு வந்தா எழும்பி நடக்குது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு அதைக் கண்டா எப்பிடியோ, அதுக்கு உங்கட நிலத்தைக் கண்டா அப்பிடி அண்ணா."

நான் ஜிம்மியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். அதைக் கண்டதும் அந்தப் பெண் எங்கள் வீட்டுக்குள் பாய்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். நடைபாதையில் இறக்கிவிட்டேன். ஜிம்மி நின்றது. உடம்பை ஒருமுறை உதறியது. மெல்ல விந்தியபடி லிஃப்ட் வரை போய், அவருடைய கதவை மணந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. நான் வெளியே நின்று என் வீட்டுக் கதவையே தட்ட, அந்தப் பெண் உள்ளிருந்து, "பிடிச்சிட்டீங்களோ?" என்று கேட்டார்.

உள்ளே கொண்டுவந்து டைல்ஸில் விட்டேன். நாலு காலும் நாலு திசைக்கு வழுக்க, அப்படியே வயிற்றில் படுத்துவிட்டது. கண்ணில் பயம். இத்தனை நாளும் அதை வலி என்று நினைத்திருந்தேன்.

குளித்துவிட்டு வந்து நடந்ததைக் கேட்டதும் மனைவி என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. குளியலறை ரப்பர் விரிப்பு, கால்மிதிகள், தன்னுடைய யோகாப் பாய் எல்லாவற்றையும் இழுத்துவந்து, மெத்தையிலிருந்து சமையலறை வரை ஒரு பாதை போட்டார். ஜிம்மி ஒவ்வொரு அடியாக வைத்துப் பார்த்து நடந்து, அந்த உயரமான தாங்கியில் முதல் தடவையாகத் தானே சாப்பிட்டது. நாங்கள் இருவரும் நிலத்தில் குந்தியிருந்து அழுதோம். பிறகு வைத்தியருக்குப் போன் எடுத்து வரவேண்டாம் என்றேன்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் ஜிம்மி எங்களோடு இருந்தது. மூட்டுத் தேய்வு உண்மைதான், மாத்திரையும் தொடர்ந்தது. ஆனால் கடைசி மாதம் வரை தன் காலில்தான் கடற்கரைக்கு வந்தது. வீடு முழுக்கத் தும்புப் பாய் விரித்ததில் டைல்ஸ் கண்ணில் படுவதில்லை. இப்போது நாய் உள்ள வீட்டுக்குப் பிளான் கீறப் போனால், முதலில் அந்த நாயை நடக்கவிட்டுப் பார்க்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள்.

அந்தப் பெண் எரிச்சலோடு வந்து சொல்லியிருக்காவிட்டால், நடக்கக்கூடிய ஒரு ஜீவனை நடக்க முடியாது என்று சொல்லி அன்று நாலு மணிக்குக் கொன்றிருப்பேன், அதுவும் முழு அன்போடு.