பூஜைக்கு வைத்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற எனக்குப் பேய் பயம் கிடையாது. போன வாரம் வரைக்கும்...

சரஸ்வதி பூஜை அன்று மத்தியானம் கொச்சி மட்டாஞ்சேரியில் ரேவதி வீட்டுக்குப் போயிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் வீட்டிலேயே டைப் செய்து கொடுக்கிற பெண். அவளும் அம்மாவும் சாப்பிடுவது அந்தக் கம்ப்யூட்டரால்தான்.

"நேத்து சாயங்காலம் பூஜைக்கு வச்சதுலேர்ந்து தானே ஓன் ஆகுது, தானே ஓஃப் ஆகுது, சேட்டா!"

பிளக்கைப் பிடுங்க வேண்டியதுதானே? அதெப்படி! பூஜைக்கு வைத்ததை விஜயதசமி காலை வரை இங்கே யாரும் தொட மாட்டார்கள். நானும் கையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

விர்ர்...

ஃபேன் சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. நாலு செகண்ட். அணைந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும். மறுபடியும் விர்ர்... பொய் சொல்வானேன், எனக்கு முதுகு சில்லிட்டுவிட்டது.

அம்மா அழுதே விட்டார். "இவ அப்பாதான், தம்பி. முனிசிபாலிட்டி வேலைல இருந்தப்ப ஆசையா வாங்கினாரு. போய் ரெண்டு வருஷமாகியும் மனசு அடங்கலை. நாளைக்கே பழைய சாமான்காரனுக்குக் கொடுத்துடறேன்!"

"அது போனா நாம எப்படிம்மே ஜீவிக்கிறது?" என்றாள் ரேவதி.

மறுநாள் காலை பூஜையிலிருந்து கம்ப்யூட்டரை எடுத்த கையோடு ஸ்குரூ டிரைவரைத் தூக்கினேன். பவர் சப்ளையை மாற்றினேன். அதே கூத்து. பட்டனிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் மெல்லிய ஒயரைக் கழற்றினேன் — கப்சிப். ஒயர் இருந்த இரண்டு பின்களையும் ஸ்குரூ டிரைவரால் சேர்த்து ஒரு தட்டு... ஓடியது. நிற்கவே இல்லை. அப்படியானால் கோளாறு பட்டனில்!

பட்டனைப் பிரித்தால், உள்ளே பழைய சந்தனம், லேசான ஈரத்தோடு. மேலே குங்குமம். அதன் மேல் மறுபடி சந்தனம்.

"யாரும்மா இதுல பொட்டு வச்சது?"

"அவருதான். வருஷா வருஷம். 'நெத்தி மாதிரி வட்டமா இருக்குடி'ன்னு சிரிப்பாரு. அவர் போனப்புறம் நாங்க வைக்கலை. இந்த வருஷம் பூஜைக்கு வைக்கிறப்ப ஈரத்துணியால நல்லா துடைச்சேன், அவ்வளவுதான்."

அந்த ஈரம்தான். ஊறிப்போன சந்தனம் பட்டனை அமுக்குவதும் விடுவதுமாக இருந்திருக்கிறது. பட்டன் நாலு செகண்ட் அமுங்கியே இருந்தால் கம்ப்யூட்டர் தானே அணைந்துவிடும். 'பேயும் இல்லை, ஒண்ணும் இல்லை' என்று சொல்ல வாயெடுத்தேன்...

அம்மா கையை நீட்டினார். நான் சுரண்டி எடுத்த துகளை வாங்கி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, ரேவதியின் நெற்றியில் வைத்தார்.

"உக்காரு மோளே. வேலையைப் பாருன்னு உங்கப்பா சொல்றாரு."

இதை மறுத்துப் பேச எந்த மெக்கானிக்குக்கு வாய் வரும்?