மருதானைக்கு வராத மன்மதன்

காலை ஆறரை மணி, ஒன்பது பேர், முன்னால் கூத்து வாத்தியார் ராமையா: 1953இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டன் ஸ்டேஷனில் எனக்காகக் காத்திருந்த கூட்டம் அது. தோட்டப் பகுதி நிருபருக்குச் செய்தி எழுதுவது கால்வாசி வேலை. கொழும்புக்கு வழிகாட்டுவது மீதி. இதில் அடிபட்ட சக நிருபர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மன்மதனைச் சிவன் எரிக்கும் எங்கள் காமன் கூத்தைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, மருதானை நாடகக் கொட்டகை முதலாளி ஒருவர் எங்களை வரச் சொல்லியிருந்தார். அப்படியொரு மேடையில் ஒரு தடவையாவது ஆடிவிட வேண்டும் என்பது ராமையாவின் பல வருட ஆசை.

படுதாத் தேயிலை

மருதானையில் ரயிலிறங்கி நடந்த தெருவில் அடுத்தடுத்துக் கொட்டகைகள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, ராஜா ராணி படங்களைப் பார்த்து முடிக்கவே ஒரு மணி நேரமானது. எங்களை அழைத்த முதலாளியின் கொட்டகைக்குள் வேறொரு நாடகத்தின் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பின்படுதாவில் தேயிலை மலை தீட்டியிருந்தார்கள். நடிகை உருகிப் பாடினாள். எங்கள் ஆட்கள் செடியையே பார்த்தார்கள். செடி அவள் தோள் உயரம்; தோட்டத்தில் கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்தியிருப்பார்கள். ராமையாவின் மனைவி லெட்சுமி, இருபது வருடம் கொழுந்தெடுத்தவர், என் காதருகே கேட்டார்:

"கவ்வாத்து வெட்டி எத்தன வருசமாச்சோ! இந்தத் தோட்டத்துல வேலைய மேற்பாக்க கண்டாக்கையா இல்லீங்களா?"

மேடை அளவு

ஒத்திகை முடிந்ததும் ராமையா மேடையேறி எட்டு வைத்து அளந்தார். ரதி இங்கே, சிவன் அங்கே என்று இடம் குறித்தார். கயிற்றை இழுத்துத் திரை எப்படி எழும்புகிறது என்று பார்த்தார். மேடை கூட்டுகிறவர் விளக்குமாற்றோடு அவர் காலையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, பத்து வருஷமா கூட்டுறேன். செருப்ப கழட்டி வச்சிட்டு ஏறின மொத ஆள் நீங்கதான்."

பங்குனித் தேதி

மன்மதனாக ஆடும் கறுப்பையா கால்மணி நேரம் ஆடிக்காட்டினார். முதலாளி எழுந்து நின்று கைதட்டினார். "பங்குனி முதல் சனிக்கிழமை உங்களுக்கு" என்றார். ராமையாவின் முகம் வாடியது. அப்போது எங்கள் தோட்டத்தில் காமன் கம்பம் நட்டு, கறுப்பையா கையில் காப்புக் கட்டியிருக்கும். வேறு நாள் கேட்டோம், கொட்டகை காலியில்லை. "வேறொருவருக்கு வேஷம் போடுங்களேன்" என்றார் முதலாளி.

ராமையா மேடையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார்.

"காப்புக் கட்டுனவன் தோட்டத்து எல்லையத் தாண்டக்கூடாதுங்க, மொதலாளி. நீங்கதான் மலையேறி வரணும்."

1954 பங்குனியில், மூன்று கம்பளி போர்த்திய முதலாளி எங்கள் காமன் பொட்டலில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து கூத்துப் பார்த்தார்.